சாஃப்ட்வேர் ரெடி... அது எங்கே ஓடப்போகிறது?

காட்பாடி ஜங்ஷன் முன்பதிவு கவுன்ட்டர். வேலூர் சி.எம்.சி-யில் சிகிச்சை முடித்துவிட்டு கொல்கத்தா திரும்பும் குடும்பங்கள் எப்போதும் வரிசையில் இருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் நாலு தட்டு தட்டுகிறார், டிக்கெட் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டரே செய்ததுபோலத் தெரியும். ஆனால், அது வெறும் ஜன்னல்தான். பெர்த் கணக்கு இருப்பது ரயில்வேயின் 'கான்செர்ட்' மென்பொருளில். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களின் சர்வர்களில் ஓடும்படி அமைக்கப்பட்ட மென்பொருள் அது. அதற்காக ரயில்வே தேர்ந்தெடுத்தது நாம் அன்றாடம் பார்க்கும் விண்டோஸை அல்ல. 1977-ல் பிறந்த விஎம்எஸ் குடும்பத்தைச் சேர்ந்த 'ஓபன் விஎம்எஸ்' இயங்குதளத்தை. பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த தேர்வு.

எங்கே ஓட்டுவது என்ற அதே கேள்வி, பாலாற்றுக் கரையில் தோல், ஷூ தொழில் செய்பவர்களுக்கும் வந்துவிட்டது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என எங்கே போனாலும், ''உங்க ஆபீஸ் வேலையை ஆட்டோமேட் பண்ணிடலாம் சார்'' என்று லேப்டாப்போடு வருபவர்கள் உண்டு. அவர்கள் காட்டுவது கலர் கலரான பட்டன்களை. அது எந்த மெஷினில், எந்த இயங்குதளத்தில், யார் பொறுப்பில் ஓடும் என்பது கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மூன்று வருடம் கழித்து வலிக்கப்போகும் இடம் அதுதான்.

தோலோடு நடக்கும் தாள்கள்

ஆட்டோமேஷன் இங்கே ஏன் தேவைப்படுகிறது? பச்சைத்தோல் வந்து இறங்கியதும் அதற்கு ஒரு லாட் நம்பர். பதனிட்டால் வெட் புளூ, அப்புறம் கிரஸ்ட், பிறகு ஃபினிஷ். அதன்பின் கட்டிங், தையல், ஷூ. இதில் பாதி வேலை வெளியே, ஜாப் ஒர்க்கில் நடக்கிறது. ஒவ்வொரு முறை சரக்கு வாசலைத் தாண்டும்போதும் ஒரு செலான் வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாக எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி கேட்பார்கள். காட்பாடியைத் தாண்டி கிறிஸ்டியான்பேட்டை வழியாகச் சித்தூர் பக்கம் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால், மாநிலம் மாறுவதால் சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் சேர்ந்துகொண்டது. போதாததற்கு, 'இந்த ஷூவின் தோல் எந்த லாட்?' என்று வெளிநாட்டு பையர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் அனுமதி பல இடங்களில் வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்றுதான் ஓடுகிறது. கெமிக்கல் வாங்க யார் சம்மதித்தார், எந்த லாட் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் சூப்பர்வைசரின் போனில். அவர் லீவில் போனால் கன்டெய்னர் காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது. இந்த 'ஓகே'க்களை ஒழுங்குபடுத்தி, அடுத்தவர் மேஜைக்குத் தானாகத் தள்ளுவதுதான் வொர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன்.

பக்குவம் ஒன்று, அடுப்பு வேறு

ஆம்பூர் பிரியாணியின் பக்குவத்தை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு வந்து வீட்டு கேஸ் அடுப்பில் செய்து பாருங்கள். அரிசி அதே, மசாலா அதே, ருசி வேறு. விறகடுப்பும் தேக்சாவும் தம்மும் சேர்ந்துதான் அந்தப் பிரியாணி. மென்பொருளும் எழுதிய பக்குவம்தான். அதைச் சமைக்கும் அடுப்பும் பாத்திரமும் சேர்ந்ததே இயங்கு சூழல். விண்டோஸா, லினக்ஸா? ஜாவாவா, பைத்தானா, அதில் எத்தனையாவது பதிப்பு? தரவுத்தளம் எது? ''என் லேப்டாப்ல நல்லா ஓடுச்சே'' என்று புரோகிராம் எழுதிய பையன் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. அவன் அடுப்பு வேறு, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நல்ல வழி 2013-ல் 'டாக்கர்' வந்த பிறகு பரவலானது. யாத்திரை போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போவதுபோல, மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. மூட்டைக்குப் பெயர், ஏற்றுமதிக்காரர்களுக்குப் பழகிய 'கன்டெய்னர்'தான். இன்று ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஓடுவதை நாளை வேறொன்றுக்கு அதிகச் சிரமமில்லாமல் தூக்கிச் செல்லலாம்.

டேனரிக்குள் ஒரு சர்வர்

'நம்ம டேட்டா நம்ம கிட்டயே இருக்கட்டும்' என்பது நியாயமான ஆசை. ஆனால், தோல் தொழிற்சாலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு, அளவு மீறினால் ஆளையே கொல்லும். கொஞ்சமாகக் காற்றில் இருந்தாலும் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். கொலுசு கறுப்பது போலத்தான், சர்க்யூட் போர்டின் நுண்ணிய இணைப்புகளும் கெட்டுப்போகும். 'சர்வர் மூணு தடவை போச்சு, கம்பெனி சரியில்ல' என்று பிராண்டைத் திட்டுவதற்கு முன், அது லைம் யார்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

சொந்த இடத்தில் இருந்தால் பத்திரம் என்பதும் முழு உண்மையில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கியது. நாட்டின் பெரிய மருத்துவமனை, சுமார் இரண்டு வாரம் பேப்பரும் பேனாவுமாக நடந்தது. பூட்டு யாருடையது என்பதைவிட, அதைத் தினமும் சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. 60 பேர் வேலை செய்யும் ஒரு ஷூ அப்பர் யூனிட்டில் அப்படியொரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

மேகத்திலும் இடி உண்டு

அப்படியானால் கிளவுட். சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது மென்பொருளையே மாதச் சந்தாவில் எடுக்கலாம். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே இருக்கிறது. நம்மூர் ஜோஹோ, இந்திய வாடிக்கையாளர்களின் தகவலை மும்பை, சென்னை மையங்களில் வைக்கிறது.

மையம் எங்கே என்பது வீண் விசாரணை அல்ல. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்திருந்தால், அவற்றின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி காட்டும் வசதி, கணக்கு மென்பொருளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பிரைவேட் லிமிடெட் ஆக இருப்பவர்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிட்டு சூழலைத் தேர்ந்தெடுக்கட்டும்.

கிளவுடின் இன்னொரு முகத்தை 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி பார்த்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு இருக்கும் இந்த இந்திய எண்ணெய் நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அடுத்த சில நாளில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. சந்தா கட்டியிருந்தும் ஊழியர்களுக்கு மெயில் திறக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு யாரும் தடை விதிக்கப்போவதில்லை. ஆனால், கார்டு காலாவதியாகிச் சந்தா தவறினால் என்ன ஆகும்? தகவலை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம்? இதற்கு நேரான பதில் சொல்லாத விற்பனையாளரை நம்பி இறங்க வேண்டாம்.

காலாவதி தேதி

மருந்துக்கு மட்டுமல்ல, இயங்கு சூழலுக்கும் எக்ஸ்பைரி உண்டு. ஒரு காலத்தில் பல ஆபீஸ் மென்பொருள்களும் அரசுத் தளங்களும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஒழுங்காகத் திறந்தன. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓய்வு கொடுத்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பும் முடிந்தது. ஸ்டோர் ரூமில் இருக்கும் அந்தப் பழைய டெஸ்க்டாப் இன்னும் ஓடும்தான். ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இல்லை.

ஜாவா விஷயம் ஷூ கம்பெனிகளை இன்னும் நேரடியாகத் தொடுகிறது. 2023 ஜனவரியில் ஆரக்கிள் தன் ஜாவா சந்தாவை, பயன்படுத்துவோர் எண்ணிக்கையிலிருந்து மாற்றி, நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்ப நிர்ணயித்தது. ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு, அறிவிக்கப்பட்ட விலை ஆளுக்கு மாதம் 15 டாலர். 800 பேர் உள்ள ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டரைத் தொடுவது பத்தே பேர் என்றாலும், தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் கணக்கில் வருவார். அறிவிப்பு விலைப்படி மாதம் 12,000 டாலர்! இதற்கு இலவச மாற்று உண்டு. ஓபன் ஜேடிகே அடிப்படையிலான 'டெமுரின்' போன்றவற்றில் பெரும்பாலான ஜாவா மென்பொருள் அப்படியே ஓடும். விற்பவரிடம் ''எந்த ஜாவா?'' என்று கேட்டால்தான் இது தெரியவரும்.

எது யாருக்கு?

சின்ன யூனிட்டுக்குச் சந்தா மென்பொருளே போதும். தகவலை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி மட்டும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட யூனிட்டும் சொந்த வழக்கங்களும் உள்ளவர்கள், மும்பை ஃப்ராப்பே நிறுவனத்தின் இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருளை வாடகை லினக்ஸ் சர்வரில் கன்டெய்னராக வைக்கலாம். பிடிக்காவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு போகலாம்.

எதை எடுத்தாலும் எல்லாமே மேகத்துக்குப் போய்விடாது. டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் செருகப்பட வேண்டும். நெட் போன நேரத்திலும் லாரி உள்ளே வரும், ஆகவே கேட் என்ட்ரி போனிலோ லோக்கல் மெஷினிலோ பதிவாகி, நெட் வந்ததும் தானே மேலே ஏறும்படி இருக்க வேண்டும். டெமோ பார்க்கும்போது மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, 'இப்போ ஒரு என்ட்ரி போடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று தெரியும்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த பேக்கப்பை எடுத்து இதுவரை சம்பந்தமேயில்லாத வேறொரு மெஷினில் ஏற்றிக்காட்டச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை முதல் லாரி கிளம்புவதற்குள், அதிலிருந்து ஒரு செலான் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.