பயந்த சுபாவம் நோயைத் தருமா?

செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் எழுத்துத் தேர்வு. பெற்றோரின் கடிதங்களில் ஒரே குழப்பம்: எதற்கும் பதறும் பிள்ளை என்பதால்தான் அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி வருகிறதா?

சுபாவத்தையும் நோயையும் இணைக்கும் ஆய்வுகள் பலவற்றில் மாணவரிடம் இரண்டு படிவங்கள் தரப்படும். ஒன்றில் தன் சுபாவத்தை அவரே குறிப்பார். மற்றதில் தனக்கு வந்த உபாதைகளையும் அவரே குறிப்பார். கவலைப்படுபவர் சிறு வலியையும் கவனிப்பார், மறக்கவும் மாட்டார். பிறகு இரண்டு படிவங்களும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? உளவியலாளர்கள் வாட்சனும் பென்னிபேக்கரும் 1989லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். பதற்றச் சுபாவம் உபாதைகளைச் சொல்வதோடு நன்றாகப் பொருந்துகிறது. மருத்துவர் அளந்தறியும் நோயோடு அந்த அளவுக்குப் பொருந்துவதில்லை. பிள்ளையின் வலி நிஜம். அதை வைத்து அவனுக்கு நோயாளி முத்திரை குத்துவதுதான் தவறு.

உடம்பையே அளந்த ஆய்வும் உண்டு. 1998இல் அமெரிக்காவில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் காயம் செய்தார்கள். கோடை விடுமுறையில் ஒருமுறை, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒருமுறை. தேர்வு நேரத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள், அதாவது 40 விழுக்காடு, கூடுதலாகப் பிடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இரண்டு முறையும் அதே ஆள், அதே சுபாவம். மாறியது தேர்வு மட்டுமே. பதினொருவரில் ஒருவருக்குக்கூட விடுமுறை வேகத்தில் ஆறவில்லை.

கல்வி அமைச்சு மாணவரிடம் மீள்திறன் வளர்ப்பதாகச் சொல்கிறது. தேர்வுச் சுமையைத் தாங்கும் பொறுப்பு அப்போது பிள்ளையின் தலையில் விழுகிறது. பீசா எனும் அனைத்துலக மாணவர் மதிப்பீட்டு ஆய்வில், 2015இல், நன்றாகப் படித்திருந்தும் தேர்வென்றால் பதற்றம் என்றவர்கள் இங்கே 76 விழுக்காடு. ஓஇசிடி எனும் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் நாடுகளில் சராசரி 55. முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதைத் தனிமனித சுபாவம் என்று எப்படிச் சொல்வது? அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டன, நல்லதுதான். அதே 2023இல் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது 180 கோடி வெள்ளி. பள்ளி இறக்கிய சுமையை வீடு மறுபடி ஏற்றியிருக்கிறது.

மற்ற கேள்விகள்:

சுபாவம் மாறுமா? வயதோடு ஓரளவு மாறும்.

பொறுப்பான பிள்ளைக்கு நன்மை உண்டா? நெடுங்கால ஆய்வுகளில் பொறுப்புணர்வும் நீண்ட ஆயுளும் சேர்ந்தே வருகின்றன.

எப்போது தாமதிக்கக்கூடாது? தூக்கத்தைக் கலைக்கும் வலி, எடைக் குறைவு, விடாத காய்ச்சல்.

பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் நம்புங்கள். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். அந்த வாரத் துணைப்பாட வகுப்பில் ஒன்றையாவது நிறுத்துங்கள்.