காய்ச்சலும் பாய்ச்சலும்

மேற்குக் கடலை நாடி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ஆம் ஆண்டில் கம்பம் பள்ளத்தாக்கிற்குள் கொண்டுவந்து சேர்த்த பென்னி குயிக்கிற்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. பாலார்பட்டியில் தை மாதம் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீரைக் கொடுத்தவரை இவ்வளவு நன்றியோடு ஸ்மரிக்கும் ஜனங்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகமே. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நன்செய்க்கு அணை எப்போது திறக்கும், தன் மடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும், நட்ட பயிர் எந்த நாளில் நனைய வேண்டும், எந்த நாளில் காய வேண்டும் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் அதே சம்சாரி, பொழுது சாய்ந்து வீடு திரும்பியதும், முற்றத்து மாமரத்தின் தூரில் ஒரு வாளித் தண்ணீரைச் சளாரென்று வீசிவிட்டு, மரத்திற்கு வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு உள்ளே போய்விடுகிறார். வயலுக்குக் கிடைக்கும் சிரத்தையில் நாலில் ஒரு பங்குகூட வீட்டு மரத்திற்கும் செடிக்கும் கிடைப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த ஒரு வாளித் தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்ப்போம். தூரை ஒட்டியுள்ள பருத்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்பதற்கானவை. நீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய சல்லிவேர்களோ கிளைப்பரப்பின் நிழல் விளிம்பிலும், அதற்கு அப்பாலும், பெரும்பாலும் மேல்மண்ணின் ஒன்றரை, இரண்டு அடி ஆழத்திற்குள் பரவிக் கிடப்பவை. தூரில் ஊற்றிய தண்ணீர் அவற்றைச் சென்று எட்டுவதேயில்லை. மேலாக இரண்டு விரற்கடை மண்ணை நனைத்து, மறுநாள் உச்சிவெயிலில் ஆவியாகிவிடுகிறது. தினந்தோறும் இப்படிச் செய்து வந்தால் நேரும் கெடுதல் இன்னும் பெரிது. ஈரம் மேலேயே கிடைத்துப் பழகிய வேர் கீழே இறங்க மறுக்கிறது. நாலு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டால் செடி துவண்டுவிடுகிறது. எந்நேரமும் ஈரமாகவே இருக்கிற மண்ணில் காற்றுக்கு இடமில்லாமற் போய், சுவாசிக்க வழியின்றி வேர் அழுகுவதும் உண்டு. தோட்டக்கால்களில் நம் பெரியவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் வளர்த்தார்களே, அந்தக் கிரமமே வீட்டு விருட்சத்திற்கும் உரியது: நனைத்தால் ஆழமாக நனைப்பது, பிறகு மேல்மண் உலரும்வரை பொறுத்திருப்பது.

மரம் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை முதன்முதலாக நிறுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார். மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து ஆவி போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, நாள்தோறும் காலையும் மாலையும் தராசில் நிறுத்து, ஒரு பகற்பொழுதில் அது சராசரியாக 20 அவுன்சு, அதாவது அரை லிட்டருக்கு மேற்பட்ட நீரை இலைகளின் வழியே வெளிவிடுகிறது என்று கணக்கிட்டு 1727-இல் அச்சிட்டார். ஈரம் நிறைந்த குளிர்தேசத்தில் ஓர் ஒற்றைச் செடிக்கே இதுவென்றால், சித்திரை வெயிலில் தேனியில் நிற்கும் மாமரத்தின் தாகத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். வேர் உறிஞ்சும் நீரில் மிகச் சொற்பமே மரத்தின் உடம்பில் தங்குகிறது. மற்றதெல்லாம் இலைகளின் நுண்துளைகள் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. இலை வெந்து போகாமல் காப்பாற்றுவதும் அதுவே, மண்ணிலிருந்து சத்தை மேலே இழுத்துச் செல்வதும் அதுவே.

ஆகவே முதற்காரியம் பாத்தி. மண்வெட்டியை எடுத்து, இளமரமாயின் தூரிலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு சாண் உயரத்திற்கு வட்டமாகக் கரை கட்ட வேண்டும். மூன்றடி ஆரமுள்ள இந்த வட்டத்தில் இரண்டு அங்குல உயரத்திற்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய 130 லிட்டர் ஆகிறது. பத்து லிட்டர் வாளியில் பதின்மூன்று வாளி! தினம் ஒரு வாளியாகப் பதின்மூன்று நாள் ஊற்றுவதும், பதின்மூன்று வாளியையும் ஒரே நாளில் பாத்தி நிறையப் பாய்ச்சிவிட்டு மறுபடி மண் காயும்வரை விட்டுவிடுவதும் செலவில் ஒன்றுதான். ஆனால் முன்னது மண்ணின் தோலை மட்டும் நனைக்கிறது, பின்னது வேர் இருக்கும் இடத்திற்குப் போய்ச் சேர்கிறது. மரம் வளர வளரக் கரையும் வெளியே நகர வேண்டும். நட்ட அன்று போட்ட சின்னஞ்சிறு பாத்தியையே பத்து வருஷத்து மரத்திற்கும் வைத்திருக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

எலுமிச்சைக்கு மட்டும் இன்னொரு ஜாக்கிரதை அவசியம். தண்ணீர் அதன் பட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றால் தூரில் கோந்து வடியும் நோய் பற்றி, நன்றாயிருந்த மரம் மெள்ள மெள்ளப் பட்டுப்போகும். அதனால் தூரைச் சுற்றி மண்ணைக் குவித்து ஒரு சிறு வட்டம், அதற்கு வெளியே தள்ளி இன்னொரு வட்டம் என இரட்டைக் கரை அமைத்து, இரண்டிற்கும் இடைப்பட்ட வளையத்தில் மாத்திரம் நீரை விடுவது வழக்கம். பிற மரங்களுக்கும் இதைச் செய்தால் நஷ்டமொன்றுமில்லை.

தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அறிய யந்திரம் எதுவும் வேண்டாம். பாய்ச்சிய மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினால், ஈரம் உள்ளவரை அது தடையின்றி இறங்கும். உலர்ந்த மண்ணை முட்டியதும் நின்றுவிடும். மரமானால் ஒன்றரை அடியாவது, செடியானால் ஓரடியாவது கம்பி இறங்க வேண்டும். மண்ணுக்கு மண் சுபாவம் வேறு என்பதும் அப்போது புலப்படும். மணற்பாங்கான செம்மண்ணில் ஓரடி இறங்குகிற அதே அளவு நீர், ஆற்றோரத்துக் களிமண்ணில் அதில் பாதியைக்கூட எட்டாது. ஆனால் இறங்கிய ஈரத்தைக் களிமண் பல நாள் பிடித்து வைத்திருக்கும், செம்மண் விரைவில் விட்டுவிடும். செம்மண்காரர் அடிக்கடி பாய்ச்ச வேண்டும். களிமண்காரர் மெதுவாக விட்டு, நீண்ட நாள் பொறுக்க வேண்டும். அடுத்த முறை எப்போது என்பதை நாட்காட்டி சொல்லாது. நாலு விரற்கடை தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பார்த்தால், உருண்டை பிடிக்கிற வரையில் பொறுக்கலாம், பொடியாக உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும்.

இந்தப் பிரதேசத்திற்கே உரிய ஒரு மயக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கு மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது பெரும்பாலும் சாரலாகவும் காற்றாகவுமே வருகிறது. வானம் மூடியிருக்கிறது, வாசல் நனைந்திருக்கிறது, உடம்புக்குக் குளுமையாக இருக்கிறது. இந்த மாதத்தில் மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று குழாயை மூடிவிடுகிறோம். அந்தச் சாரல் நின்றபின் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள்: மேலே அரை அங்குலம் கறுத்திருக்கும், அடியில் புழுதியே பறக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் இரவு பகலாக இலைகளிலிருந்து ஈரத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. ஆறாம் நூற்றாண்டில் பிருகத் சம்ஹிதையை இயற்றிய வராகமிகிரர், மரம் வளர்ப்பைப் பற்றிய அத்தியாயத்தில், புதிதாய் நட்ட மரங்களுக்குக் கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளும் நீர் வார்க்கச் சொல்லிவிட்டு, மழைக்காலத்திலும் மண் உலர்ந்திருந்தால் வார்க்க வேண்டுமென்று விதிக்கிறார். கடைசியாகச் சொன்ன அந்த விதி நம் தேனிக்காகவே எழுதியதுபோல் எனக்குப் படுகிறது.

இளங்கன்றுக்கு அவர் கோடையில் தினமும் நீர் கேட்டது நியாயமே. நட்ட புதிதில் வேர் உருண்டைக்கு வெளியே அதற்கு வேரில்லை. அந்த ஒரு சாண் மண் காய்ந்தால் கன்றின் ஜீவன் போய்விடும். இதற்கு நான் மிகவும் உயர்வாக மதிக்கும் உபாயம் கலயம். சாயம் பூசாத சுடுமண் கலயத்தைக் கன்றின் வேர் உருண்டைக்கு அருகே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, கொசு முட்டையிடாதபடி தட்டால் மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக்காய நீர் தானே கசிந்து வெளியேறும். மண் ஈரமானதும் கசிவும் அடங்கும். சீனதேசத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விவசாய நூலொன்றில் இம்முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. இக்காலத்துச் சொட்டுநீர்க் குழாயும் சிறந்ததே. ஆனால் மணிக்கு நாலு லிட்டர் சொட்டும் ஒரே ஒரு துளையைத் தூரில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் அதைத் தொடாமலிருப்பது, பழைய வாளித் தண்ணீரின் பிழையைப் புதுக் கருவியால் செய்வதேயாகும். துளைகள் நாலைந்தாகப் பெருகி, கிளையின் விளிம்பை நோக்கி நகர வேண்டும்.

விட்ட ஈரத்தைக் காப்பதற்கு மூடாக்கை விடச் சிறந்தது இல்லை. தேங்காய் மட்டை இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குக் கிடைக்காது? வெளிப்புறம் மேல்நோக்கும்படி மட்டைகளை அடுக்கி, மேலே சருகைப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. கரையானுக்கு அஞ்சித் தூரை ஒட்டி ஒரு சாண் மட்டும் வெறுமையாக விட வேண்டும். ஆனால் இன்று நாம் போடும் மூடாக்கு சிமெண்டு. புதுவீடு கட்டியதும், செருப்பில் மண் ஒட்டக்கூடாதென்று முற்றம் முழுவதையும் மெழுகி, தாத்தா வைத்த வேம்பின் கழுத்துவரை கான்கிரீட்டால் நெரித்துவிடுகிறோம். பெய்யும் மழை முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போகிறது. அந்த வேம்பு எதைக் குடிக்கும்? வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு வேண்டுமென்று 2003-இல் சட்டம் வந்த மாநிலத்தில் இப்படிச் செய்வது எனக்குப் பெரும் துக்கத்தைத் தருகிறது. மரத்தைச் சுற்றி நாலடியாவது மண்ணை மண்ணாக விட்டு வையுங்கள்.

கொடுக்க வேண்டிய காலம் போலவே நிறுத்த வேண்டிய காலமும் உண்டு. இதைத் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கற்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் தித்திப்பு ஏற வேண்டி, அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாகவே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வீட்டு மல்லிகைக்குக் கார்த்திகை நடுவில் நீரை அடக்கிக் கவாத்துச் செய்து, பிறகு எருவிட்டுப் பாய்ச்சினால் பங்குனியில் பூத்துக் குலுங்கும். காகிதப்பூவுக்கு ஓயாமல் ஊற்றினால் இலைதான் மிஞ்சும். பெரியகுளத்தில் உருவாகி 1989-இல் வெளிவந்த பி.கே.எம்.1 முருங்கை, பூக்கும் சமயத்தில் காலடியில் தண்ணீர் தேங்கினால் பூவை உதிர்த்துவிடும். ஐப்பசி அடைமழையில் பாத்திக் கரையை ஓரிடத்தில் வெட்டி வடியவிடுவது எல்லா மரத்திற்கும் பொது. மாமரத்திற்கோ மழை ஓய்ந்ததிலிருந்து பூ எடுக்கும்வரை பாத்தியைக் காயவிட்டு, பிஞ்சு பட்டாணி அளவுக்குத் திரண்டபின் கரையைத் திருத்தி, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை நிறையப் பாய்ச்சி வந்தால் பிஞ்சு உதிர்வது குறையும், காயும் பருக்கும்.