கையாற் பின்னும் கம்பளிச் சட்டை

நெசவிற்குப் பாவு, ஊடை என இருவகை நூல் வேண்டும். பின்னலுக்கோ ஒரே நூல் போதும். அதனைக் கண்ணியாக வளைத்து, அக்கண்ணியினூடே மற்றொரு கண்ணியை இழுத்துச் செல்வதே பின்னற்கலை. இரண்டு ஊசிகளாற் பின்னுதல் ஒருவகை. கொக்கியுடைய ஒற்றை ஊசியாற் பின்னும் குரோஷே பிறிதொரு வகை. கண்ணிகள் நெகிழ்ந்து கொடுப்பதால், பின்னிய சட்டை உடலின் அசைவிற்கேற்ப விரிந்து சுருங்கும்.

ஸ்காட்லாந்திற்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் குளிர்காற்று மிகுதி, மரங்கள் அரியன. ஆடுகளுக்கோ குறைவில்லை. முற்காலத்தில் அத்தீவு மகளிர், அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளை முதுகிற் சுமந்து வரும்போதும் கைகளைச் சும்மா விட்டாரல்லர். துளைகளுள்ள தோற்பட்டையை இடையிற் கட்டி, அதில் ஊசியின் முனையைச் செருகிக்கொண்டு, நடந்தவாறே பின்னினர். அவ்வுழைப்பிற்கு வணிகர் பெரும்பாலும் பணம் தாராது, தேயிலை முதலிய பண்டங்களையே கொடுத்தனர். ஆதலின் அவர்க்கு அது பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

1589-இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். இன்று ஆலைகள் சட்டைகளை விரைந்து பின்னித் தருகின்றன. எனினும் தமக்கெனக் கையாற் பின்னுவோர் பலர் உளர். நூலைத் தேர்தலும், உடலை அளந்து கண்ணிகளை எண்ணுதலும், நாடோறும் விரலளவு வளரக் காண்டலும் அவர்க்குத் தனி இன்பம். கத்தரி பட்ட துணி பழையபடி ஆகாது. பின்னலிலோ, பத்து வரிசைக்குக் கீழே பிழை கண்டால், ஊசியை உருவி நூலை இழுக்கக் கண்ணிகள் அவிழ்ந்துவிடும், நூல் வீணாகாது. பிள்ளைக்குச் சிறிதாய்ப்போன சட்டையையும் இவ்வாறே பிரிக்கலாம். பிரித்த நூல் சுருண்டு நிற்கும். நீரில் நனைத்து உலர்த்தினால் அச்சுருள் நீங்கும். பின்னர் உருண்டையாகச் சுற்றி, அடுத்த சட்டையைத் தொடங்கலாம்.