பழைய லொறியின் எண்ணெய் அமுக்கத்தைப் பரிசோதித்தல்

நுவரெலியா, கொத்மலைப் பகுதிகளில் விளையும் கோவா, கரட், லீக்ஸ் முதலிய மரக்கறிகள் பெரும்பாலும் இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகவே சந்தைக்கு இறங்குகின்றன. நுவரெலியா 6,128 அடி உயரத்திலுள்ளது. கம்பளையோ 2,000 அடிக்கும் தாழ்ந்தது. மரக்கறியுடன் இறங்கும் லொறி பசளை மூடைகளுடன் அதே பாதையில் ஏறுகின்றது. வழியில் எஞ்ஜின் இறுகி நின்றால் மரக்கறி வாடும், சந்தை தவறும், திருத்தும் செலவு ஒரு போகத்தின் இலாபத்தையே விழுங்கிவிடும். எண்ணெய் அமுக்கத்தைக் கவனித்து வருவோர் இந்நட்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அமுக்கம் குறைவதேன்?

எஞ்ஜினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பி உறிஞ்சி, வடிகட்டியினூடாகப் பேரிங்குகளுக்கு அனுப்புகின்றது. அங்கே அது மெல்லிய படையாக நின்று உலோகத்தோடு உலோகம் உராயாது காக்கின்றது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடி எண்ணெய் எளிதில் வழிந்தோடும், அமுக்கம் குறையும். எண்ணெய் குறைதல், டீசல் கலந்து நீர்த்தல், பம்பி தேய்தல் என்பனவும் காரணங்களாகும்.

காலைக் குளிரில் ஏமாறலாகாது

மலைநாட்டுக் குளிரில் எண்ணெய் தடித்திருக்கும். ஆகையால் தேய்ந்த எஞ்ஜினிலும் அமுக்கமானியின் முள் காலையில் உயர்ந்தே நிற்கும். சுமையுடன் ஏற்றம் ஏறி எஞ்ஜின் நன்கு சூடான பின் காணும் அளவே நம்பத்தக்கது.

பரிசோதிக்கும் முறை

1. லொறியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். டீசல் மணமோ, பால் போன்ற நிறமோ கண்டால் பழுது உண்டு.

2. திறப்பைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிடின் பல்பையும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

3. சூடான எஞ்ஜினில், நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 இறாத்தல் அமுக்கம் என்பது பொதுவான கணக்கு. சரியான அளவு லொறியின் கைந்நூலில் இருக்கும்; அதையே பின்பற்றுக.

4. முள் தாழ்ந்து நின்றால், கராஜில் அமுக்க உணரியைக் கழற்றி, அவ்விடத்தில் வேறொரு அமுக்கமானியைப் பூட்டி அளத்தல் வேண்டும். அதில் அளவு சரியாயின் பழுது உணரியிலோ கம்பியிலோ ஆகும்; எஞ்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஏற்றத்திலும் வளைவிலும் மட்டும் முள் துடித்தால், தொட்டியில் எண்ணெய் குறைந்து பம்பி காற்றை உறிஞ்சுகின்றதோ என முதலிற் பார்க்க வேண்டும்.

பாதையில் முள் விழுந்தால்

ஓடும்போதே எஞ்ஜினை அணைத்தல் ஆபத்து. பிரேக்கின் உதவி குறையக்கூடும். உடனே ஓரங்கட்டி, கைப்பிரேக் இட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்து, அதன் பின் தாமதமின்றி அணைக்க வேண்டும். காரணம் அறியாது மீண்டும் ஓட்டலாகாது. தடித்த எண்ணெயை ஊற்றி முள்ளை உயர்த்துவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று.

வாரம் ஒருமுறை, ஒரே ஏற்றத்தின் முடிவில், ஒரே கியரில் காணும் அளவைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருவது நலம். அளவு சிறிது சிறிதாக இறங்குவதை முன்கூட்டியே அறிபவர், பேரிங் மாற்றும் செலவோடு தப்புவார். அறியாதவர் எஞ்ஜினையே இழப்பார்.