கேள்வியால் நடக்கும் கதை

கதை என்றால் வில்லன் வேண்டும், சண்டை வேண்டும் என்று தொலைக்காட்சித் தொடர்கள் நம் பிள்ளைகளைப் பழக்கிவிட்டன. ஆனால், நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழைய முழு நூல் சண்டையை நம்பி நடக்கவில்லை. அதுதான் ஆயிர மசலா. வண்ணப் பரிமளப் புலவர் பாடிய இந்நூல் 1572-இல் மதுரையில் அரங்கேறியது.

'மசலா' என்றால் அரபியில் கேள்வி. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கேட்கிறார். நபி (ஸல்) அவர்கள் விடை சொல்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்பதல்ல, அடுத்து என்ன கேட்பார் என்பதே நம்மை உட்கார வைக்கிறது. முடிவில் தோற்றவர் யாருமில்லை. கேட்டவர் உண்மையை அறிந்து இஸ்லாத்தை ஏற்கிறார். மலாய், ஜாவா மொழிகளிலும் இக்கதை உண்டு.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். ஸஹீஹுல் புகாரியில் உள்ளவை மூன்று கேள்விகளே: மறுமை நாளின் முதல் அடையாளம் எது? சொர்க்கவாசிகளின் முதல் உணவு எது? குழந்தைக்குத் தாய் அல்லது தந்தையின் சாயல் எப்படி வருகிறது? ஆயிரமாக விரிந்தது பிற்கால மரபு.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், அரியலூர் என நம் பகுதியில் தந்தை வெளிநாட்டில் உழைக்கும் வீடுகள் பல. அங்கே இரவு அழைப்பு, "சாப்பிட்டாயா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. இன்று அந்த மூன்றில் ஒன்றைப் பிள்ளையிடம் கேளுங்கள்; விடையைத் தேடி நாளை அவர்கள் சொல்லட்டும். பிறகு அவர்கள் கேட்கட்டும், நாம் தேடுவோம். நம் வீட்டுப் பேச்சுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!