றைபிள் தொலைகாட்டி: கண்ணாடிக்கு முன் தாங்கி

துவக்கில் தொலைகாட்டி பொருத்துவது இலக்கைப் பெரிதாகக் காண்பதற்கே என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. சாதாரண இரும்புக் குறிகளில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தூரங்களில் நிற்கின்றன. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காணும். தொலைகாட்டியிலோ இலக்கின் விம்பமும் குறுக்குக்கம்பியும் ஒரே தளத்தில் விழுகின்றன. நாற்பத்தைந்து வயதைத் தாண்டி வாசிப்புக் கண்ணாடி தேடத் தொடங்கிய கண்ணுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும்.

போல்ட் றைபிளில் இதை எங்கே வைப்பது என்பதுதான் முதற் சிக்கல். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வெற்றுக் கோது தெறித்து விழ வழி வேண்டும். பழைய இராணுவ றைபிள்களில் ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து அழுத்தி ஏற்றுவார்கள். தொலைகாட்டி வந்து உட்காருவதும் சரியாக அதே இடத்தில்தான். மொசின்-நகான் றைபிளின் நேரான கைப்பிடியை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்துச் சோவியத் ஒன்றியம் ஒருவாறு சமாளித்தது. மவுசர் 98இல் கைப்பிடியோடு, போல்ட்டின் பின்முனையில் மேலாகப் புரளும் பாதுகாப்பு நெம்பும் இடிக்கும். வேட்டைக்காரருக்காக அவ்விரண்டையும் மாற்றிக் கொடுப்பது துவக்குத் தொழிலாளருக்கு நெடுங்காலம் ஒரு வருமானமாக இருந்தது.

பிரித்தானியர் கண்ட தீர்வே இவற்றில் பாடம் நிறைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், சோதனைச் சூட்டில் நன்றாகக் குறி தைத்த எண் 4 லீ-என்ஃபீல்ட் றைபிள்களைத் தெரிந்தெடுத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே றைபிளின் இடப்பக்கத்தில் இரண்டு உருக்குத் தளங்களைப் பதித்து, அவற்றின்மேல் ஒரு தாங்கியை இரு பெரிய கைத்திருகுகளால் முடுக்கினார்கள். தாங்கி உயரமாக அமைந்ததால் கன்னம் வைக்கச் சோங்கின்மேல் ஒரு மரக்கட்டை சேர்ந்தது. தாங்கியில் அமர்ந்த எண் 32 தொலைகாட்டி முதலில் பிறென் இயந்திரத் துவக்குக்காக வடிவமைக்கப்பட்டது. உருப்பெருக்கம் ஏறத்தாழ 3 மடங்குதான். ஒவ்வொரு தொலைகாட்டியும் ஒரு குறிப்பிட்ட றைபிளோடு சோடி சேர்க்கப்பட்டு, அதன் இலக்கம் சோங்கின் கழுத்தில் பொறிக்கப்பட்டது. ஒன்றின் தொலைகாட்டியை இன்னொன்றில் மாட்டினால் குறி பிசகும் என்பதை அந்த இலக்கமே நினைவூட்டியது.

ஏன் பிசகும்? தாங்கியின் முன்வளையத்துக்கும் பின்வளையத்துக்கும் இடையே 130 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் ஒன்று ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு விலகினால்கூட, 100 மீற்றர் தூரத்தில் குறி ஏறத்தாழ 77 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். தொலைகாட்டியின் விலையில் பத்திலொரு பங்கைக்கூடத் தாங்கிக்குச் செலவிடத் தயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். சுடும்போது தாங்கி தாங்க வேண்டிய விசையும் சிறிதல்ல. 7.62 மில்லிமீற்றர் தோட்டா சுடும் 4 கிலோகிராம் றைபிள், சன்னம் குழலை விட்டு வெளியேறுவதற்குள், ஏறத்தாழ ஒரு மில்லி செக்கனில், செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கிப் பாய்கிறது. அரைக் கிலோகிராம் தொலைகாட்டி அந்தக் கணத்தில் தான் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதை இழுத்துச் செல்லத் திருகாணிகள் தாங்கும் விசை 100 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது.

இன்று கிடைக்கும் தாங்கிகளில் பிக்கட்டினித் தண்டவாளமே பாதுகாப்பான தெரிவு. அமெரிக்க இராணுவம் 1995இல் தரப்படுத்திய இதில் குறுக்குவெட்டுகள் 10 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் ஒழுங்காக வரும். வளையத்தின் குறுக்குக்கட்டை வெட்டினுள் இறங்கி முன்விளிம்பில் முட்டி நிற்பதால் பின்னுதைப்பில் நழுவாது. பழைய வீவர் தளத்தின் வெட்டுகள் குறுகலானவை. வீவர் வளையங்கள் பெரும்பாலும் பிக்கட்டினியில் ஏறும், மறுதலையாக ஏறா. 11 மில்லிமீற்றர் புறாவால் பள்ளம் .22 றைபிளுக்கும் காற்றுத் துவக்குக்கும் போதும். வளையங்களைப் பொறுத்தவரை தொலைகாட்டியின் குழாய் பெரும்பாலும் 25.4, 30, 34 மில்லிமீற்றர் என மூன்று பருமன்களில் வரும்; வளையமும் அதே அளவாக இருக்க வேண்டும். திருகாணிகளை உற்பத்தியாளர் குறித்த முறுக்கத்துக்கு மேல் முடுக்கக் கூடாது. வளையத்துக்கு அது பொதுவாக 2 நியூற்றன் மீற்றரை ஒட்டி வரும். அதற்கு மேல் முடுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே வில்லைகளைத் தாங்கும் பொறிமுறை இறுகிவிடும்.

உயரம் குறைவாக இருப்பதே நல்லது: பொருளி (முன்வில்லை) குழலில் முட்டாமலும், தூக்கிய கைப்பிடி பார்வைத்துண்டில் இடிக்காமலும் இருந்தால் போதும். தொலைகாட்டியைச் சாய்த்துப் பொருத்தினால் தவறு தூரத்தில்தான் தெரியும். 300 மீற்றருக்குக் குறிபார்க்கும்போது 5 பாகைச் சாய்வு சன்னத்தை 7 அல்லது 8 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையே 8 அல்லது 9 சென்ரிமீற்றர் இடம் விட வேண்டும். விடாதவர்களின் புருவத்தில் அரைவட்டத் தழும்பு விழும்.

கண்ணாடிக்கு வருவோம். பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், பார்வைத்துண்டிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மில்லிமீற்றர் பொருளி 4 மடங்கில் 10 மில்லிமீற்றர் கற்றையையும், 10 மடங்கில் 4 மில்லிமீற்றர் கற்றையையும் தரும். இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் விரியும், வயதானவரின் கண்மணி 5 அளவில் நின்றுவிடும். எனவே மங்கல் ஒளியில் பெருக்கத்தைக் கூட்டினால் விம்பம் இருண்டுபோகும். மேற்பூச்சும் இதே அளவு முக்கியம். பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் திருப்பி அனுப்புவதால், பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றிலொரு பங்கு தொலைந்துவிடும். செய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935இல் கண்ட எதிர்ப்புப் பூச்சு அந்த இழப்பைக் குறைத்தது. இன்றைய பல்படைப் பூச்சு ஒரு பரப்பில் அரை வீதத்துக்கும் குறைவாகவே இழக்கிறது.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள பல்லேகமவைப் போன்ற இடத்தில் இந்த எண்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவும் களு கங்கையின் வடிநிலமும் சேரும் லக்கல பகுதி அது. வயலோரப் புதரில் பார்வை ஐம்பது மீற்றரைத் தாண்டுவது அரிது, பன்றி வருவதோ அந்தியில். அங்கே 12 மடங்குத் தொலைகாட்டி ஒரு தொந்தரவு. 100 மீற்றரில் அது ஏறத்தாழ 3 மீற்றர் அகலத்தையே காட்டும்; 4 மடங்கு 10 மீற்றரைக் காட்டும். கடைகளில் பெரிய எண்ணே விலைபோகிறது என்பது வேறு கதை.

ஆனால் இத்தகைய நாட்டில் பெருக்கத்தையும் பூச்சையும் விட முந்திக்கொண்டு கேட்க வேண்டியது ஈரப்பதனைப் பற்றிய கேள்வி. வடகீழ்ப் பருவ மழையும் மலைமூடுபனியும் மாறிமாறி வரும் இடத்தில், மூடாத கருவிக்குள் ஆவி புகுந்து வில்லையில் பூஞ்சணம் படரும். இரண்டாம் உலகப்போரில் நியூகினிக் காடுகளில் தொலைகாட்டிகளும் இருகண் நோக்கிகளும் இப்படித்தான் சில வாரங்களிலேயே பயனற்றுப் போயின. ஆஸ்திரேலிய அறிவியலாளர் பாதரசச் சேர்மம் ஒன்றைக் கருவிக்குள் பூசிப் பூஞ்சணத்தைத் தடுக்க வழி கண்டனர். இன்று உள்ளே உலர்ந்த நைதரசனை அல்லது ஆகனை நிரப்பி வளையமுத்திரை இடுகிறார்கள். அப்படி வாயு நிரப்பாத தொலைகாட்டியை இங்கே வாங்குவது வீண்செலவு. தோலுறைக்குள் பூட்டி வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பூஞ்சணத்துக்கு விருந்து படைக்கும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும்.

பொருத்திய பிறகு குறியைச் சரிசெய்ய வேண்டும். ஒரு சொடுக்குக்கு கால் கோணக்கலை என்றால் 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர், பத்திலொரு மில்லிரேடியன் என்றால் 10 மில்லிமீற்றர். இரண்டில் எதையும் கொள்ளலாம், கலக்கக் கூடாது. கண்ணை அசைக்கும்போது குறுக்குக்கம்பி இலக்கில் நகர்வது இடமாறு தோற்றப் பிழை. சாதாரண வேட்டைத் தொலைகாட்டிகள் 100 யார் அளவிலும் .22 க்கானவை 50 யார் அளவிலும் இது அற்றுப்போகுமாறு செய்யப்படுகின்றன.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமும், காட்டுவிலங்கைச் சுடுவதை 1937இன் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. பயிர்காவலுக்கு விவசாயி கையில் காணப்படுவது பெரும்பாலும் சன்னங்களைச் சிதறடிக்கும் துவக்கே. நாற்பது மீற்றருக்குள் வேலை முடியும் அதற்குத் தொலைகாட்டி தேவையில்லை. தொலைகாட்டியின்றியும் றைபிளால் பெருஞ்செயல் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி மவுசரில் இருந்தவை இரும்புக் குறிகளே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீற்றர் றைபிள் போட்டியிலும் தொலைகாட்டிக்கு அனுமதியில்லை.

அனுமதிப்பத்திரத்தோடு தொலைகாட்டி வைத்திருப்போருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. புதருக்குள் அசைவது என்ன என்று அறிய றைபிள் தொலைகாட்டியை உயர்த்தாதீர்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு கணமும் குழல் அந்த உருவத்தை நோக்கியிருக்கிறது. விறகுக்குப் போனவரும் மாடு தேடி வந்தவரும் அதே புதரில்தான் நடமாடுகிறார்கள். அந்த வேலைக்கு இருகண் நோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.