நுண்ணோக்கியின் முன் ஒரு தேர்வு

மருத்துவர் என்றதும் நாடி பிடித்துப் பார்ப்பவரோ, கத்தி எடுத்து அறுப்பவரோதாம் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பாராமலே, அவருக்கு வந்திருக்கும் நோய் இன்னதென்று தீர்த்துச் சொல்லும் மருத்துவர் ஒருவரும் உண்டு. அவரே திசு நோயியல் நிபுணர். கட்டியிலிருந்து எடுத்த ஒரு சிறு துணுக்கைப் பார்த்து அவர் எழுதும் சில வரிகளைக் கொண்டே, ஓர் உறுப்பை அகற்றுவதா, விட்டுவைப்பதா என்பது முடிவாகிறது. அத்துறையில் பணியாற்றி, மாணவர்களையும் பயிற்றுவிப்பவன் என்ற முறையில், அதற்குரிய தேர்வுக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றபின், நோயியலில் எம்.டி. பட்டத்துக்கு மூன்றாண்டுகள் பயில வேண்டும். ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். நான்கு எழுத்துத் தாள்களுக்கு விடையளிக்க வேண்டும். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். பிரிட்டனில் 1962-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நோயியலாளர் கல்லூரி, பின்னர் ராயல் கல்லூரி என்ற சிறப்பைப் பெற்றது. அது இரு பகுதிகளாகத் தேர்வு நடத்துகிறது. எந்நாட்டுத் தேர்வாயினும், மாணவனை உரைத்துப் பார்க்கும் கல் ஒன்றுதான்: திசு ஒட்டிய கண்ணாடித் தகடு.

அத்தகடு உருவாகும் விதத்தை முதலில் அறிய வேண்டும். உடலிலிருந்து எடுத்த திசு அழுகாதிருக்க ஃபார்மலினில் இடப்படுகிறது. இப்பயனை 1893-இல் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். பின்னர் திசுவின் நீரை அகற்றி, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் கருவியால் மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவுகிறார்கள். தலைமயிரின் கனத்தைவிட அது மிகமிகக் குறைவு. சீவிய ஏட்டுக்கு இரு சாயங்கள் ஏற்றப்படுகின்றன. மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹெமடாக்ஸிலின், உயிரணுவின் உட்கருவை நீலமாக்குகிறது. இயோசின், ஏனைய பகுதியை இளஞ்சிவப்பாக்குகிறது. இவ்வேலைகளை மாணவன் தன் கையாலேயே செய்து பழக வேண்டும் என்பேன். மடிந்த ஏடும், சரியாகப் பதப்படாத திசுவும் நோயைப் போலவே நடிக்கும். அந்த நடிப்பைச் செய்முறை தெரிந்தவனே கண்டுபிடிப்பான்.

இனி, தகட்டைப் படிக்கும் முறைக்கு வருவோம். புதிய மாணவன் எடுத்த எடுப்பிலேயே உயர்ந்த உருப்பெருக்கத்துக்குத் தாவுகிறான். ஓர் ஊரின் அமைப்பை அறியக் கோபுரத்தின் மேல் ஏறிப் பார்க்க வேண்டுமேயன்றி, ஒரு வீட்டின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தல் பயன்படாது. ஆகவே, குறைந்த உருப்பெருக்கத்தில் முழுப் பரப்பையும் முதலில் பார்க்க வேண்டும். இது எந்த உறுப்பு? இயல்பான அமைப்பு எங்கே முடிகிறது? மாறுதல் எங்கே தொடங்குகிறது? அதன் விளிம்பு ஒழுங்காக உள்ளதா, அண்டைத் திசுவுக்குள் ஊடுருவுகிறதா? இவற்றுக்கு விடை கண்டபின்னரே உயிரணுக்களை நெருங்க வேண்டும். கண்டதை வருணித்த பிறகே நோய்க்குப் பெயரிட வேண்டும். பெயரை முன்னதாக முடிவு செய்துவிட்டால், கண் அப்பெயருக்கு வேண்டிய சான்றுகளையே தேடும். மற்றவற்றைக் காணாது விடும்.

இவ்வொழுங்கு ஏன் இன்றியமையாதது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இளைஞர் ஒருவரின் முன்கையில் சில வாரங்களில் ஒரு சிறு கட்டி விரைந்து வளர்கிறது எனக் கொள்வோம். நுண்ணோக்கியில் உயிரணுக்கள் நெருக்கமாகவும், பல பிளவுபட்டுப் பெருகுவனவாகவும் தோன்றுகின்றன. தசை சார்ந்த கொடிய புற்று என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் அது 1955-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, முடிச்சுத் தசையுறை அழற்சி என்னும் தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். அதை அகற்றினாலே போதும். சில வேளை தானே மறைவதும் உண்டு. வயது, இடம், வளர்ந்த காலம் ஆகியவற்றைக் கேளாமல் தீர்ப்பு எழுதினால், அவ்விளைஞர் வேண்டாத பெருஞ்சிகிச்சைக்கு ஆளாவார். அவ்வாறே, கழுத்தில் தடித்த நெறிக்கட்டியைப் புற்று என்று அஞ்சி அனுப்புவார்கள். பார்த்தால் பாலாடைக் கட்டி போன்ற அழிவும், லாங்ஹான்ஸ் பேரணுக்களும் காணப்படும். அந்நிலையில் காசநோயை நினைத்து, அதன் கிருமியைக் காட்டும் தனிச்சாயத்தை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர்க்கு நான் கூறுவன சிலவே. ஒவ்வொரு நாளும் தகடுகளைப் பாருங்கள். நூல் தகட்டுக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது. நோயுற்ற திசுவைப் போலவே நலமான திசுவையும் பாருங்கள். நலத்தை அறியாதவன் நோயை அறியான். கண்டதை நேரம் குறித்துக்கொண்டு, சுருக்கமாக எழுதிப் பழகுங்கள். பின்னர் மூத்தவரின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

நேரத்தின் அருமை உறைதிசுச் சோதனையில் விளங்கும். நோயாளி அறுவை மேசையில் மயக்கத்தில் இருக்கையிலேயே திசுவை உறையவைத்துச் சீவிப் பார்க்கும் முறை அது. 1905-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயி வில்சன் என்பவர் இதை விரைவாகச் செய்யும் வழி கண்டார். அங்கே விடை சில நிமிடங்களில் வேண்டும். எனினும், அங்குங்கூட நிபுணர் சொல்லக்கூடிய மிக நேர்மையான விடை, "இத்துணுக்கு போதாது, இன்னும் திசு வேண்டும்" என்பதாக இருக்கலாம். தெரிந்ததைத் துணிந்து சொல்வது கல்வி. தெரிந்ததின் எல்லையை அறிந்து சொல்வதோ கல்வியின் முதிர்ச்சி. நல்ல தேர்வாளர் மாணவனிடம் எதிர்பார்ப்பது இவ்விரண்டையுமே.

மாணவர்களே, உங்களுள் மிகச் சிலரே இத்துறைக்கு வரக்கூடும். ஆயினும், முழுவதையும் பார்த்துப் பின் நுணுகுதல், கண்டதைச் சொல்லிப் பின் முடிவு கூறுதல், ஐயத்தை மறையாமை ஆகிய மூன்றும் எத்துறைக்கும் பொருந்தும். திசு நோயியலில் மட்டும் ஒரு வேறுபாடு: அங்கே விடைத்தாளின் மறுபுறத்தில் எப்போதும் ஒரு மனிதர் காத்திருக்கிறார்.